சென்னைக்கும் லண்டனுக்கும் எத்தனை தூரம்?

சென்னைக்கும் லண்டன் மாநகருக்கும் இடையே எத்தனை தூரம் என்று இக்காலத்துப் பையன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். “பத்தரை மணி நேரம்” என்று தயங்காமல் விடை சொல்வான். தூரத்தைக் கேட்டால் காலத்தைச் சொல்வது பரீட்சையில் செல்லாது. உபாத்தியாயர் என்ற முறையில் நாம் அதற்கு மார்க்குக் கொடுக்க முடியாது. ஆயினும் பையன்மேல் குற்றம் சொல்வதற்கும் மனம் வரவில்லை. நம் பாட்டனார் காலத்தில் ‘நாழிகை வழி’ என்றும், ‘ஒரு பொழுது நடை’ என்றும்தானே தூரத்தைச் சொல்லி வந்தார்கள்? கல்லும் மைலும் சர்க்கார் கணக்கு. காலும் களைப்பும் ஜனங்களின் கணக்கு. அந்தப் பழைய வழக்கத்துக்கே பையன் திரும்பியிருக்கிறான் என்றுதான் கொள்ள வேண்டும்.

பூகோள சாஸ்திரப்படி விடை வேண்டுமானால், மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் லண்டனிலுள்ள ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் மிகக் குறுகிய தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். பழைய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 5,100 மைல்.

‘மிகக் குறுகிய தூரம்’ என்றோமே, அதைச் சற்று விளக்க வேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில், சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே ஓர் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால், அந்தக் கோடு அரபிக் கடலைக் கடந்து, பாரசீக வளைகுடாவைத் தொட்டு, ஈராக், துருக்கி, பால்கன் நாடுகள் வழியாகப் போகும். மாணவர்கள் அதைத்தான் நேர்வழி என்று நினைக்கிறார்கள். ஆனால் பூமி சுவரில் தொங்கும் காகிதம் அன்று, உருண்டை. வீட்டில் பூகோள உருண்டை இருக்குமானால் ஒரு நூலை எடுத்து, ஒரு நுனியைச் சென்னையிலும் மற்றொரு நுனியை லண்டனிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் வேறு வழியாகப் போவதைக் காண்பீர்கள். கர்நாடகத்தின் யாத்கிர்ப் பக்கமாக ஏறி, தென் குஜராத்தைத் தாண்டி, சிந்து, பலூசிஸ்தானம், ஈரான் ஆகியவற்றின் மேலாக அது காஸ்பியன் கடலை அடையும். பாக்கூ நகருக்குச் சற்றுத் தெற்கே, அந்தக் கடலின்மேல்தான் சரிபாதி வழி முடிகிறது! பிறகு காகஸஸ் மலைகள், அஸோவ் கடல், உக்ரேன், ஜெர்மனி, அப்புறம் லண்டன். சென்னையிலிருந்து சீமைக்குப் போகும் வழியில் நடு மைல்கல் காஸ்பியன் கடலில் நட்டிருக்கிறது என்று வகுப்பில் சொன்னால், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள். சுவர்ப்படத்துக் கோட்டைவிட இந்த நூல்வழி ஏறக்குறைய 250 கிலோமீட்டர் குறைவு.

இனி நேரக் கணக்கு. பெரிய விமானம் ஒன்று உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் ஒன்பது மணிக்குச் சற்று அதிகமாக வருகிறது. அப்படியிருக்க, சென்னையிலிருந்து லண்டன் செல்லப் பத்தரை மணி, சில நாட்களில் பதினொரு மணிகூட ஆகிறதே, ஏன்? விமானம் ஏட்டில் காட்டும் நேரம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும் அன்று. வாயிற்படியைவிட்டு நகர்ந்த கணத்திலிருந்து, மறு ஊரில் வாயிற்படியில் வந்து நிற்கும் கணம் வரையில் எண்ணப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மெல்ல மெல்ல உயரம் ஏறுவதும், ஹீத்ரோவுக்கு மேலே இடம் கிடைக்கும் வரையில் கோயில் பிரதட்சிணம் போல் சுற்றிக்கொண்டிருப்பதும் அதில் சேர்த்தி.

இதைவிடச் சுவாரஸ்யமான காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பெரிய காற்றாறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்று அதற்குப் பெயர். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. லண்டனுக்குப் போகும் விமானம் எதிர்நீச்சல் போடுகிறது. திரும்பி வரும் விமானம் வெள்ளத்தோடு வருகிறது. விமானத்தின் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றேதான். தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரே வேகத்தில்தான் அது பறக்கிறது. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருப்பதால், கீழேயுள்ள பூமியைப் பொறுத்தமட்டில் வேகம் கூடுகிறது அல்லது குறைகிறது. காவேரியில் புதுவெள்ளம் வரும்போது பரிசல் செலுத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, போகும்போது பத்தரை மணியென்றால், வரும்போது பத்து மணிக்கும் குறைவாகவே ஆகிவிடுகிறது. தூரம் ஒன்றுதான், போகும் தூரம் வேறு, வரும் தூரம் வேறு என்று பையன் சொன்னாலும் அதிலே அர்த்தம் உண்டு.

சரி, இந்தப் பத்தரை மணி என்பது நமக்கு எப்போது கிடைத்தது? 1914-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி, ‘நெவாஸா’ என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிற்று. அதில் இருபத்தாறு வயது நிரம்பிய ஓர் இளைஞர் இருந்தார். அவர்தாம் ஸ்ரீனிவாஸ ராமானுஜன். குடுமியை எடுத்துவிட்டு, தொப்பியும் பூட்ஸுமாகத் தம்மைத் தாயாரும் மனைவியும் காண வேண்டாம் என்று, கப்பல் ஏறுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அவ்விருவரையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். கப்பல் லண்டன் சேர்ந்தது ஏப்ரல் 14-ஆம் தேதி. நான்கு வாரம்! ஸூயஸ் கால்வாய் வழியாகச் சுற்றிப் போகும் அந்தக் கடல்வழி, இன்றைய விமானவழியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஆனால் 1869-ஆம் வருஷம் ஸூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன்னே ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் போனவர்களுக்கு, நான்கு வாரம் என்பது புஷ்பக விமானமாகவே தோன்றியிருக்கும்.

ராமானுஜனுக்கு அந்த நான்கு வாரத் தூரம் அத்துடன் நிற்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த அதே வருஷம் ஆகஸ்டில் உலக யுத்தம் மூண்டது. கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயம். இங்கிலாந்தின் குளிரிலும், அகப்படாத மரக்கறி உணவிலும் உடல் நலிந்து ஆஸ்பத்திரிகளில் கிடந்த காலத்தில், அவருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே இருந்த தூரத்தை எந்தப் பூகோளப் புஸ்தகமும் அளந்து சொல்ல முடியாது. யுத்தம் முடிந்த பிறகு, 1919 பிப்ரவரி 27-ஆம் தேதி கப்பலேறி, மார்ச்சு 27-ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் இருந்தது ஒரு வருஷமும் ஒரு மாதமும்தான். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் அவரது உயிர் பிரிந்தது. ஒரே நாளில் திரும்பி வரக்கூடிய வழி அன்று இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. எண்ணிப் பயன் என்ன!

மனிதர்களுக்கு முன்னால் கடிதங்களே ஆகாயத்தில் பறக்கத் தொடங்கின. 1929 மார்ச்சு 30-ஆம் தேதி லண்டனை அடுத்த க்ராய்டனிலிருந்து கராச்சிக்கு விமானத் தபால் ஆரம்பமாயிற்று. ஏழு நாள் பிரயாணம். விமானத் தபால் என்று பெயரே தவிர, நடுவில் ஸ்விட்ஜர்லாந்திலுள்ள பாஸல் நகரிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரையில் ரயிலில்தான் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து கடல்மேல் இறங்கும் விமானம். எகிப்திலிருந்து மறுபடியும் தரைமேல் இறங்கும் விமானம். இத்தனையும் வெள்ளையர் கம்பெனியின் கையில். கராச்சியோடு அது நின்றுவிட்டது. தெற்கே இருந்த நமக்குக் கடிதம் பழையபடி ரயிலில்தான் வந்தது.

கராச்சியிலிருந்து சென்னை வரையில் அந்த வழியை நீட்டியவர் ஓர் இந்தியர் என்பதை நம் குழந்தைகள் அவசியம் அறிய வேண்டும். இந்தியாவில் முதலாவது எண்ணுள்ள விமானி லைசென்ஸை 1929-இல் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, 1932 அக்டோபர் 15-ஆம் தேதி, ஒற்றை இயந்திரமுள்ள ‘புஸ் மாத்’ என்ற சிறு விமானத்தில் தபால் மூட்டைகளுடன் கராச்சியிலிருந்து கிளம்பினார். ரேடியோ இல்லை, வழிகாட்டும் கருவிகளும் இல்லை. அகமதாபாதில் இறங்கியபோது பெட்ரோல் வந்து சேர்ந்தது எதில் தெரியுமா? மாட்டு வண்டியில்! இருபதாம் நூற்றாண்டின் வாகனத்துக்குத் தீனி போட்டது நம் நாட்டுக் காளைதான். பம்பாய் ஜுஹு மைதானத்தில் அவர் இறங்கியதும், தபாலை நெவில் வின்ஸென்ட் என்ற விமானி வாங்கிக்கொண்டு பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். மழைக்காலம் வந்துவிட்டால் ஜுஹு மைதானம் சேறாகிவிடும். அப்போது பூனாவுக்குத்தான் போக வேண்டும்.

அதன்பின் பதினாறு வருஷத்துக்குள், சுதந்திரம் பெற்று ஒரு வருஷம் நிறைவதற்குள்ளாகவே, 1948 ஜூன் 8-ஆம் தேதி இரவு, ‘மலபார் பிரின்ஸஸ்’ என்று பெயரிட்ட ஏர்-இந்தியா இன்டர்நேஷனல் விமானம் பம்பாயிலிருந்து 35 பிரயாணிகளுடன் லண்டனுக்குப் புறப்பட்டது. வழியில் கெய்ரோவிலும் ஜினீவாவிலும் தங்கல். நான்கு இயந்திரமுள்ள ‘கான்ஸ்டலேஷன்’ விமானம் அது. நம் தேசத்தின் பெயரைத் தாங்கிய விமானம் சீமை மண்ணில் இறங்கியதில் அக்காலத்தார் அடைந்த பெருமிதத்தை இன்று நாம் முழுவதும் உணர முடியாது. சுதேசிக் கப்பலைத் தூத்துக்குடியிலிருந்து ஓட்டியதற்காக வ. உ. சிதம்பரம் பிள்ளை பட்ட பாட்டை அறிந்தவர்கள்தாம் ஓரளவு உணர்வார்கள். அதே ‘மலபார் பிரின்ஸஸ்’ 1950 நவம்பர் 3-ஆம் தேதி ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தின்மேல் மோதி, அதிலிருந்த 48 பேரும் மாண்டார்கள் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. பனிமூடிய அந்த மலையிலிருந்து அதன் துண்டு துணுக்குகளும் கடிதங்களும் பல்லாண்டுகளுக்குப் பிறகும் வெளிப்பட்டு வந்தன. தூரத்தைக் குறைத்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை சொற்பமன்று.

இப்போது, நாம் முன்னே உருண்டையின்மேல் பிடித்த நூலுக்குத் திரும்புவோம். அந்த நூல்வழியே விமானங்கள் போகின்றனவா என்றால், எப்போதும் போவதில்லை. ஆகாயத்துக்கு வேலி கிடையாது என்று கவிகள் வேண்டுமானால் சொல்லட்டும். வேலி உண்டு, அதற்கு வாயிற்காப்போனும் உண்டு. 1944-இல் சிகாகோவில் கூடிய தேசங்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலுள்ள ஆகாயம் சொந்தம். 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடி, ஜூலை மாதம்தான் திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடிவிட்டது. நம் சர்க்காரும் பதிலுக்கு மூடினார்கள். 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மேல் படையெடுத்ததும் உக்ரேன் ஆகாயம் அடைபட்டது. அதே மாதத்தில் ருஷ்யா பிரிட்டிஷ் விமானங்களைத் தன் எல்லைக்குள் வரக்கூடாதென்று தடுத்தது. 2025 ஜூனில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் சண்டை மூண்டபோது ஈரான், ஈராக் ஆகாயங்களும் சில நாள் மூடிக் கிடந்தன. நூலைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள்: பாகிஸ்தான், ஈரான், உக்ரேன் ஆகிய எல்லாம் வரிசையாக அதன்மேல் இருக்கின்றன!

ஒரு வாயில் அடைபட்டால் விமானம் சுற்றிப் போக வேண்டும். 300 கிலோமீட்டர் சுற்றினால் இருபது நிமிஷம்; 900 கிலோமீட்டர் சுற்றினால் ஒரு மணி. அத்தனைக்கும் எண்ணெய் வேண்டும். எண்ணெயைச் சுமக்கவும் எண்ணெய் வேண்டும். அந்தச் செலவு கடைசியில் டிக்கெட்டில்தான் வந்து விடிகிறது. கடல்வழிக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. 1967-இல் மூடிய ஸூயஸ் கால்வாய் 1975 வரையில் திறக்கவில்லை. எட்டு வருஷம் கப்பல்கள் பழையபடி ஆப்பிரிக்காவைச் சுற்றின.

ஆனால் தூரம் என்பதன் உண்மையான சொரூபத்தை நம் தலைமுறை கண்டது 2020-ஆம் வருஷத்தில். அவ்வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில், தொற்றுநோயின் நிமித்தம் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. மே மாதத்தில் சர்க்கார் விசேஷ விமானங்களை அனுப்பி மக்களை அழைத்துவரத் தொடங்கினர். பழையபடி ஒழுங்கான போக்குவரத்து 2022 மார்ச்சு 27-ஆம் தேதிதான் மீண்டது. லண்டனிலும் மற்ற சீமைகளிலும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, “என்ன, ஒரு ராத்திரி விமானம்தானே, கூப்பிட்டால் வந்து நிற்பான்” என்று தைரியமாயிருந்த பெற்றோர் எத்தனை பேர்! நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தகப்பனார் காலமானார். லண்டனிலிருந்த ஒரே மகன் கைபேசியின் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, தங்கையின் கணவர் கொள்ளி வைத்தார். அந்தப் பையன் ஊர் வந்து சேர்ந்தது ஏழு மாதம் கழித்து. ராமானுஜனுக்கு நான்கு வாரம் ஆயிற்றே என்று நாம் இரக்கப்பட்டோம். இவனுக்கு ஏழு மாதம். நடுவேயிருந்த கிலோமீட்டர் என்னவோ அதே 8,230-தான்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் மகனுடைய ஊர் எத்தனை தூரம் என்று கேட்பவர்களிடம் மணிக்கணக்குச் சொல்வதில்லை. “டிக்கெட் கிடைத்தால் பக்கம்” என்கிறாள்.

சாதாரணக் காலத்திலேயும் விமான ஏட்டை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கம் வந்து சேர மோட்டாரில் ஆறு மணி. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும். லண்டனில் இறங்கிய பின் பாஸ்போர்ட்டு வரிசையில் ஒரு மணி, பெட்டிக்காக அரை மணி, வீடு சேர ஒரு மணி அல்லது இரண்டு. ஆகப் பத்தரை மணி என்பது வீட்டுக்கு வீடு கணக்கில் இருபத்திரண்டு மணிக்குக் குறையாது. இடைநில்லா விமானத்தில் இடம் அகப்படாமல், துபாயிலோ தோஹாவிலோ மாறிப் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம். அந்தப் பாலைவன ஊர்களில் நடுநிசியில் நம்மவர்கள் பெஞ்சுகளில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது, பிற தேசத்துச் சத்திரங்களில் தங்காமல் சென்னையிலிருந்து உலகத்தின் பெரிய நகரங்களுக்கெல்லாம் நேராகப் போக நம் சொந்த விமானங்கள் இன்னும் பல வேண்டாமா என்று கேட்கத் தோன்றுகிறது. 1932-இல் மாட்டு வண்டிப் பெட்ரோலை வைத்துக்கொண்டே துணிந்தவர்கள் நம்மவர்கள்.

கடைசியாகக் கடியாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரயாணம் போகிறவர்களின் வீட்டார் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். நம் கடியாரம் லண்டன் கடியாரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே கோடைக்காலத்தில் கடியாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால் அப்போது நாலரை மணிதான் வித்தியாசம். (1906-க்கு முன்னே சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி ஐந்து மணி இருபத்தோரு நிமிஷமாக இருந்தது. சூரியனைக் கேட்டால் இன்றும் அதுவே சரி என்பான்; அகில இந்தியாவுக்கும் ஒரே மணி என்று வைத்ததில் சென்னைக்குக் கிடைத்த ஒன்பது நிமிஷம் இனாம்.) ஆகவே, குளிர்காலத்தில் காலை ஐந்தரை மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்பியவர் பத்தரை மணி பறந்து இறங்கும்போது, லண்டன் கடியாரத்தில் காலை பத்தரைதான் ஆகியிருக்கும். சூரியனைத் துரத்திக்கொண்டே மேற்கே போனதன் பலன். திரும்பும்போது அந்த ஐந்தரை மணியையும் சூரியன் பிடுங்கிக்கொள்கிறான். லண்டனில் பகல் ஒரு மணிக்கு ஏறினவர் பத்து மணி நேரம் பறந்தால், மீனம்பாக்கத்தில் மறுநாள் அதிகாலை நாலரை மணிக்கு இறங்குகிறார். ஊரெல்லாம் உறங்கும் அந்த நேரத்தில் விமான நிலைய வாயிலில் பூமாலையும் குழந்தைகளுமாகக் கூட்டம் நிற்பதன் காரணம் இதுதான்.

அழைத்துவரப் போகிறவர்கள் தேதியைத் திருத்தமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகன் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாலரை மணிக்கு வருகிறான் என்றால், கும்பகோணத்திலிருந்து மோட்டார் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு ஆனவுடனே கிளம்பிவிட வேண்டும்.